மயூர் விஹாரில் நடத்தை விதி அமலில் இருக்கிறது

தோசைக்கல்லோடு டில்லிக்குள் நுழைவது லேசுப்பட்ட காரியமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோவில்பட்டியிலிருந்து சுமந்துபோனது நன்றாகப் பழக்கிய இரும்புக்கல். என் ராஜி அக்கா டில்லிக்குக் குடிபோய் முப்பது வருஷமாகிறது. அங்கே விற்கிற கல்லில் தோசை எழும்பவே மாட்டேன் என்கிறது என்று போனுக்குப் போன் புலம்புவாள். "பள்ளிக்கூடத்துல இருந்து ரிட்டையர் ஆயாச்சில்லா, இனிமே என்ன சாக்கு சொல்லப்போற? கல்லை எடுத்துக்கிட்டுக் கெளம்பி வா" என்றாள். கிளம்பிவிட்டேன்.

நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு அத்தான் வந்திருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆட்டோக்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், மெட்ரோவில் ஏறினால் நேரே மயூர் விஹார் என்று கூட்டிப்போனார். வாசலில் பைகளை எந்திரத்துக்குள் விடச் சொன்னார்கள். அத்தானின் குடை வெளியே வந்தது, என் கைப்பை வந்தது, பெரிய பை வரவில்லை. திரையில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம் தெரிந்தது. சீருடைக்காரர் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட, அவர் மூன்றாமவரைக் கூப்பிட, மூவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

என் ஹிந்தி 'பானி'யோடு நின்றுவிடும். அத்தான் காற்றில் கையை வட்டமாகச் சுழற்றி மாவு ஊற்றி, திருப்பிப் போட்டு, சட்னியும் தொட்டுக் காட்டினார். மூவர் முகமும் மலர்ந்துவிட்டது. மூத்தவர், மசாலாவா சாதாவா என்று விசாரித்ததாக அத்தான் எனக்கு மொழிபெயர்த்தார். எங்கள் ஊர் பஸ்ஸில் ஆட்டுக்குட்டியோடு ஏறினாலும் நகர்ந்து உட்காரச் சொல்வார்களே தவிர ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள்.

ரயிலில் உட்கார்ந்ததும் அத்தான் அரசியல் பேச ஆரம்பித்தார். நான் பேச்சை மாற்றினேன். கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் பதினொரு தேர்தலுக்கு வேலை பார்த்தவள் நான். கடைசி ஐந்தில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். அதில் மூன்று முறை ஒரே கிராமத்துப் பள்ளிக்கூடம்தான் கிடைத்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கிடையாது. மூன்று தேர்தலிலும் எல்லாக் கட்சிக்காரர்களும் கட்டித் தருகிறோம் என்றார்கள். மூன்று தேர்தலிலும் நான் எதிர்வீட்டுக்குத்தான் போனேன். மூன்றாவது முறை அந்த வீட்டுக்கார அம்மா, "வாங்க டீச்சர், எலெக்‌ஷன் வந்துட்டாக்கும்" என்று வாளியில் தண்ணீர் பிடித்துவைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

ஊரையெல்லாம் ஓட்டுப் போட வைத்த எனக்கு, என்னுடைய தபால் ஓட்டு பாதித் தேர்தல்களில் வந்தே சேரவில்லை. ஒழுங்காகப் போட்ட ஒரு தடவை நான் போட்ட ஆள் ஜெயித்துவிட்டார். ஜெயித்து, ஊரார் விரலில் மை அழிவதற்குள் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார். இனிமேல் தேர்தல் இருக்கிற திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இதையெல்லாம் அத்தானிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. மனிதர் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

அக்கா வீடு இருப்பது ஏழு மாடிக் கட்டடம். ஆறாவது மாடி. கீழே லிஃப்ட் வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கொழுகொழுவென்ற ஒரு நாயோடு நின்றாள். லிஃப்ட் திறந்ததும் நாயை உள்ளே தள்ளினாள். பிறகு கையை மட்டும் நீட்டி, ஆறு என்ற பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்ததும், "வாங்க தீதி, தோசைக்கல்லு கொண்டாந்தியளா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா என்பதற்குப் பதில் 'தீதி' என்றதைத் தவிர அச்சு அசல் எங்கள் ஊர்த் தமிழ்.

அவள் பெயர் கம்லா. பீகார்க்காரி. பதினைந்து வருஷமாக அக்கா வீட்டில் வேலை செய்கிறாள். அக்கா ஹிந்தி படித்துத் தேறுவாள் என்று காத்திருந்தால் வீட்டில் பாத்திரம் தேய்ந்தபாடில்லை என்று இவள் தமிழைப் படித்துக்கொண்டுவிட்டாள். புனேயில் இருக்கும் அக்கா மகன் பேசுகிற தமிழை விட இவள் பேசுவது எவ்வளவோ தேவலை.

நானும் அத்தானும் நாயும் லிஃப்டில் போனோம். நாயின் பெயர் ஷேரு, அக்காவுக்குப் பக்கத்து வீடு. மேலே அதன் வீட்டம்மா வாசலில் நின்று அதை வாங்கிக்கொண்டாள். நான் காப்பி குடித்து முடித்த பிறகுதான் கம்லா முழங்காலைப் பிடித்தபடி படியேறி வந்து சேர்ந்தாள். ஏன் லிஃப்டில் வரவில்லை என்று கேட்டேன். அத்தான் என்னை மறுபடி லிஃப்டுக்குக் கூட்டிப்போய் உள்ளே இருந்த பலகையை வாசித்துக் காட்டினார். வீட்டு வேலை செய்பவர்களும் சாமான் கொண்டுவருபவர்களும் லிஃப்டில் ஏறக்கூடாது. உத்தரவு, சாவ்லா, குடியிருப்போர் சங்கத் தலைவர். நாயைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஆக, கம்லாவின் விரல் லிஃப்டுக்குள் போகலாம், கம்லா போகக்கூடாது. தேர்தலிலும் நம்மிடம் விரலை மட்டும்தானே வாங்கிக்கொள்கிறார்கள் என்று தோன்றியது. தேர்தலை நினைப்பதில்லை என்ற என் முடிவு டில்லியில் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

கம்லாவுக்கு இந்தக் கட்டடத்தில் ஐந்து வீடு. எல்லாம் நாலாவது மாடிக்கு மேல். முழங்கால் தேய்ந்துவிட்டது, படியேறாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறாவிட்டால் ஐந்து வீட்டு வேலையும் போய்விடும், ஏறினால் கால் போய்விடும். நீங்களெல்லாம் கேட்கக்கூடாதா என்று அக்காவிடம் கோபப்பட்டேன். "ஏட்டி, ஒவ்வொரு எலெக்‌ஷன்லயும் கேக்கத்தான் செய்யுதோம். பாக்கலாம், பாக்கலாம்னு சொல்லுதாங்க" என்றாள் அக்கா. எதிர்வீட்டு வாளி எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் அக்கா என்னைக் கரோல் பாக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கே சோலே பட்டூரா சாப்பிட்டோம். பூரிதான், ஆனால் தலையணை சைஸ். ஒன்றைக் குத்தினால் ஆவி வந்து என் மூக்குக்கண்ணாடி மறைந்துவிட்டது. துடைத்துப் பார்ப்பதற்குள் அக்கா என் ஊறுகாயை எடுத்துக்கொண்டுவிட்டாள். இரண்டு சாப்பிட்டால் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் இட்லி சாப்பிட்டவர்கள் பதினோரு மணிக்கே வடையைத் தேடுவார்கள்.

திரும்பி வந்து மயூர் விஹார் மெட்ரோவிலிருந்து வீட்டுக்கு பேட்டரி ரிக்‌ஷாவில் ஏறினோம். எங்களோடு இரண்டு பெரியவர்கள். ஏறியதிலிருந்து இருவருக்கும் வாக்குவாதம். பாதி வழியில் பேட்டரி தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. டிரைவர் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார். அக்கா பட்டூராவைக் காரணம் காட்டி நடந்து வந்தாள். பெரியவர்கள் இருவரும் தள்ளிக்கொண்டே சண்டையைத் தொடர்ந்தார்கள். அக்காவுக்கு ஹிந்தி பேசத்தான் வராது, கேட்டால் புரியும். என்னதான் சொல்கிறார்கள் என்று அவளிடம் கேட்டேன். நாடு முன்னேறிவிட்டது என்கிறார் ஒருவர், இல்லை என்கிறார் மற்றவர் என்றாள். வண்டி என்னவோ நாங்கள் தள்ளியதால் கொஞ்சம் முன்னேறியது.

வீட்டுக்கு வந்தால் அந்த இரண்டு பெரியவர்களைப் போலவே முறைத்துக்கொண்டு இரண்டு பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பலகையில் பெயர் போட்ட சாவ்லா. பெரிய அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒன்பது வருஷமாகச் சங்கத் தலைவர். இன்னொருவர் அவரை எதிர்த்து நிற்கும் கர்க் மேடம். வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கத் தேர்தல். நடத்துபவர் எதிராளியின் ஆளாக இருந்துவிடுவார் என்று இருவருக்கும் பயம். அத்தான் காலையில் பூங்காவில் நடக்கப் போனபோது, பதினொரு தேர்தல் நடத்திய என் மச்சினி வந்திருக்கிறாள் என்று பெருமையடித்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் எழுந்து நின்று மறுத்தேன். எனக்கு இங்கே யாரையும் தெரியாது என்றேன். ரொம்ப நல்லது என்றார்கள். ஹிந்தி தெரியாது என்றேன். அதைவிட நல்லது, யாரும் பேசி மயக்க முடியாது என்றார்கள். திங்கட்கிழமை ஊருக்குப் போகிறேன் என்றதும் இருவரும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். இவ்வளவு தகுதிகளோடு ஒரு அதிகாரி அவர்களுக்குக் கிடைத்ததே இல்லையாம்.

வேலைக்காரர்களுக்கு லிஃப்டைத் திறந்துவிடுவீர்களா என்று மட்டும் அத்தான் மூலமாகக் கேட்டேன். கர்க் மேடம் மூன்று நிமிஷம் உணர்ச்சியோடு பேசினார். அத்தான், "கமிட்டி போடுவாங்களாம்" என்றார். சாவ்லா ஐந்து நிமிஷம் பேசினார். அத்தான், "இவர் போட்டுட்டாராம்" என்றார்.

போகும்போது சாவ்லா ஒரு பெட்டி லட்டும் கர்க் மேடம் ஒரு பெட்டி முந்திரிக் கேக்கும் வைத்துவிட்டுப் போனார்கள். வாக்குச்சாவடி அலுவலர் வேட்பாளரிடம் வெந்நீர்கூட வாங்கக்கூடாது. இரண்டையும் பறிமுதல் செய்தேன். பறிமுதல் செய்த பொருளைப் பாதுகாக்கும் பொறுப்பை அக்கா ஏற்றுக்கொண்டாள். மறுநாள் காலையில் பெட்டிகள் மட்டும் பத்திரமாக இருந்தன.

பழக்கதோஷம் சும்மா விடுமா? விடிந்ததும் நடத்தை விதியை அமலுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் ஊரில் தேர்தல் வந்துவிட்டால் வேட்பாளர் பெயர் இருக்கிற கல்வெட்டு, நிழற்குடை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பேப்பர் ஒட்டி மூடிவிடுவோம். இங்கே சுற்றிப் பார்த்தால் சாவ்லா இல்லாத இடமே இல்லை. பூங்கா பெஞ்சு, குப்பைத் தொட்டி, பூச்சட்டி, ஒரு வேப்பங்கன்று வரைக்கும் சாவ்லா உபயம். அக்கா பழைய பேப்பர்க்காரருக்காகச் சேர்த்துவைத்திருந்த கட்டை அவிழ்த்தேன். கம்லா மைதா காய்ச்சிக்கொண்டு வந்தாள். நான் கிழித்துக் கொடுக்க, அவள் ஒட்டிக்கொண்டே வந்தாள். வேப்பங்கன்றை விட்டுவிடலாம் என்று அத்தான் கெஞ்சினார்.

கடைசியில் லிஃப்டுக்கு வந்தோம். நான் உள்ளே போய்விட்டேன். கம்லா பசை வாளியோடு வெளியிலேயே நின்றாள். "இதையும் மூடணுமா தீதி?" என்று கேட்டாள். அதில் சாவ்லா பெயர் இருக்கிறதே, மூடத்தான் வேண்டும் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் நான் விதியைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. அவள் மெதுவாக ஒரு காலை உள்ளே வைத்தாள். பிறகு அடுத்த காலை. பேப்பரை ஒட்டி, மூலைகளை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். கதவு மூடிக்கொண்டது. யாரோ மேலே பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், லிஃப்ட் கிளம்பிவிட்டது. கம்லா சுவரோடு ஒட்டி நின்று, மாறிக்கொண்டே வந்த எண்ணையே பார்த்தாள். ஆறு வந்ததும், "இவ்வளவுதானா?" என்றாள்.

அரைமணி நேரத்தில் சாவ்லா வந்துவிட்டார். பலகையை மூடினால் என்ன, உத்தரவு உத்தரவுதான் என்றார். நான் என் கறுப்பு டைரியைத் திறந்து, விரலை ஓட்டி, கண்டிப்பான குரலில் வாசித்தேன். வேட்பாளர் பெயரில் உள்ள எந்த உத்தரவும் தேர்தல் முடிவு வரும்வரை கண்ணில் படக்கூடாது. பெயரில்லாமல் போடுவதென்றால் அது புது உத்தரவு. தேர்தல் முடிவு வரும்வரை புது உத்தரவு போடக்கூடாது. அத்தான் நடுங்கிக்கொண்டே மொழிபெயர்த்தார். டைரியில் அந்தப் பக்கத்தில் இருந்தது முறுக்குக்கு அரிசி மாவும் உளுந்து மாவும் எத்தனைக்கு எத்தனை என்கிற குறிப்பு. சாவ்லாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஆபீசில் இருந்தவர் அல்லவா, எழுதிவைத்ததைப் பார்த்து ஒருவர் வாசித்தால் அவரால் தட்டமுடியவில்லை. "நாலே நாள்தானே" என்று சொல்லிவிட்டுப் போனதாக அத்தான் சொன்னார்.

அந்த நாலு நாளும் கம்லா லிஃப்டிலேயே வந்தாள். அவளைப் பார்த்து மற்ற வேலைக்காரிகளும் வந்தார்கள், காஸ் சிலிண்டர்காரரும் வந்தார். ஷேருவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. தனியாகப் போய்ப் பழகிய நாய், கூட ஆள் ஏறியதும் ஒரு மாதிரியாகப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு. அக்கா முறுக்குப் போட்டுவைக்கிற எவர்சில்வர் சம்படம்தான் வாக்குப்பெட்டி. சீட்டுப் போடுவதற்கு அத்தான் அதன் மூடியை உளியால் பிளந்தபோது அக்கா பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். அழியாத மைக்கு எங்கே போவது? அக்காவின் நகப்பூச்சு இருந்தது, கத்தரிப்பூக் கலர். வீட்டுக்கு ஒரு ஓட்டு. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மீசைக்காரர் ஒருவர் ஒற்றை நகத்தை நீட்டி, காயும்வரை ஊதிக்கொண்டே போனார். அடுத்து வந்தவர் மற்ற விரல்களுக்கும் போட்டுவிடும்படி கேட்டாராம்; இலவசங்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

மதியத்துக்கு மேல் எண்ணினேன். எழுபத்தாறு ஓட்டு. சாவ்லாவுக்கு முப்பத்தெட்டு. கர்க் மேடத்துக்கு முப்பத்தெட்டு. மூன்று தடவை எண்ணினேன், கணக்கு டீச்சர் எண்ணினாலும் அது மாறவில்லை. சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியதுதான் என்று அறிவித்தேன். இரண்டு பெயரை எழுதிச் சம்படத்துக்குள் போட்டேன். யார் எடுப்பது என்பதில் சண்டை ஆரம்பித்தது. அது தீர்ந்ததும் எப்போது எடுப்பது என்பதில் வலுத்தது. இன்றைக்குத் தனக்கு நாள் சரியில்லை என்றார் சாவ்லா. அடுத்த வாரம் தனக்குச் சரியில்லை என்றார் கர்க் மேடம்.

சாயங்காலம் வரை இழுபறி. கடைசியில், இருவரும் ஒப்புக்கொள்கிற ஒரு நாளில் எல்லோர் முன்னிலையிலும் திறப்பது என்று முடிவாயிற்று. மூடியைச் சுற்றிக் காகிதம் ஒட்டி இருவரிடமும் கையெழுத்து வாங்கி, மெழுகு உருக்கி முத்திரை வைத்து, சம்படத்தை அக்காவின் சாமி அலமாரியில் படங்களுக்குப் பின்னால் வைத்தேன். முருகன் இரண்டு கட்சிக்கும் பொதுவானவர் என்று அத்தான் சமாதானம் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் கிளம்பினேன். கம்லாதான் என் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் கூட வந்தாள். நாலாவது மாடி தாண்டும்போது கேட்டாள்.

"தீதி, ரிசல்ட்டு எப்ப வரும்?"

"சம்படத்தத் தெறந்து சீட்டு எடுத்தாத்தான் வரும்."

"தெறக்கலைன்னா?"

"தெறக்கலைன்னா வராது. அதுவரைக்கும் அந்தப் பேப்பரை ஒருத்தரும் கிழிக்கக்கூடாது."

"அச்சா" என்றாள் கம்லா.

மெட்ரோ எந்திரத்தில் என் பை மறுபடி நின்றது. திரையில் மறுபடி ஒரு வட்டம். இந்த முறை வேறு ஆட்கள். அத்தான் பழக்கத்தில் கையைச் சுழற்றி மாவு ஊற்றிக் காட்ட, அவர்களும் சிரித்து விட்டுவிட்டார்கள். தோசைக்கல்தான் அக்கா வீட்டு அடுப்பில் இருக்கிறதே என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. அக்கா கட்டிக்கொடுத்த இனிப்பு டப்பாவாக இருக்கும் என்று நினைத்தேன்.

மதுரா தாண்டியதும் பசித்தது. பூரிப் பொட்டலத்தைத் தேடிப் பையைத் திறந்தேன். அடியில், ஒரு பழைய புடவைத் துண்டில் சுற்றி, சம்படம் இருந்தது. முத்திரை கலையவில்லை. எதிர் சீட்டில் இருந்த மதுரைக்காரர், முறுக்கா என்று ஆவலாகக் கேட்டார். தேர்தல் முடிவு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தன் பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

வாக்குப்பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்களோ என்று ஒவ்வொரு தேர்தலிலும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். இப்போது நானே பெட்டியோடு ரயிலில் போய்க்கொண்டிருக்கிறேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பியிருக்கலாம். அத்தானுக்குப் போன் போட்டிருக்கலாம். பூரியைச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா கூப்பிட்டாள். அதிசயமாக இருவரும் ஒரு நாளுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்களாம். போய்ப் பார்த்தால் சம்படத்தைக் காணோமாம். கர்க் மேடம்தான் எடுத்தார் என்கிறார் சாவ்லா, சாவ்லாதான் எடுத்தார் என்கிறார் கர்க் மேடம். மறுதேர்தல் வைத்தே தீரவேண்டும் என்கிறார்களாம். அதுவரைக்கும் நடத்தை விதி தொடருமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார்கள் என்றாள். விதிப்படி தொடரும் என்றேன். நான் வந்து நடத்த வேண்டுமாம். வெயில் தணியட்டும், பார்க்கலாம் என்றேன்.

"லிஃப்டுல பேப்பர் ஒரு ஓரமாப் பிஞ்சிருந்துச்சு. நாந்தான் மைதா காய்ச்சி ஒட்டினேன்" என்றாள் அக்கா. இத்தனை வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே போய்வந்தவள். "சரி, அதை விடு. நீ சம்படத்தப் பாத்தியாட்டி?"

என் பீரோவுக்கு மேல் அது உட்கார்ந்திருந்தது. இல்லையே என்றேன். பதினொரு தேர்தல் பார்த்த வாயில், முறுக்குக் குறிப்புக்கு அடுத்த பொய் கூச்சமே இல்லாமல் வந்தது. இத்தனை காலத்தில் ஒரு தேர்தலால் ஒரு ஆளுக்கு ஒரு நல்லது நடந்து நான் பார்த்தது இதுதான், அதற்கும் முடிவு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தத் தடவை எங்கள் ஊரில் தேர்தல் வந்தால் ஓட்டுப் போடலாம் என்றுகூடத் தோன்றியது.

போன் கை மாறியது. கம்லா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"தீதி, பத்திரமா இருக்கா?"

"இருக்கு. ஒன் முழங்கால்?"

"அதுவும் இருக்கு" என்றாள்.